காது குத்தியிருந்த குழந்தை

மார்ச் 12, 1981. வியாழன்.

பொன்னேரி ஏரித் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்து ஏப்பம் விட்ட வீராதிவீரனாகிய நான், இன்று அரியலூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரயிலடியில் அகப்பட்ட பெண்குழந்தையைப் பார்க்கத் தங்கையை அழைத்துப் போயிருந்தேன். அவள் மகள் செல்வி ஜெயங்கொண்டம் சந்தையில் தொலைந்து மூன்று வருஷம். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அதற்கடுத்த மாதம் என் மடியில் வைத்துக் காது குத்துவதாக இருந்தது. நாற்பது யானைமேல் தாய்மாமன் சீர் வரும் என்று ஊரெல்லாம் அளந்திருந்தேன்.

பார்த்ததும் தங்கை அந்தக் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். நான் காதைப் பார்த்தேன். இரண்டிலும் துளை இருந்தது.

"நம்ம புள்ளதாண்ணே. வச்சிருந்தவங்க குத்தியிருப்பாங்க."

நான் அந்தத் துளையைத் தடவிப் பார்த்தேன்.

"ஊரெல்லாம் பொய்யா அளப்பியே, எனக்காவ ஒண்ணு சொல்லேன். நம்ம செல்விதான்னு சொல்லுண்ணே."

குழந்தையின் முன்னால் குந்தினேன். "யாரு மடியில உக்காந்து காது குத்திக்கிட்ட, தாயி?"

"எங்க மாமா மடியில." வாசலை எட்டிப் பார்த்தாள். "மாமா எப்ப வரும்?"

தங்கையின் கை தானாகத் தளர்ந்தது.

பிள்ளையை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். அந்தப் பிள்ளையைத் தேடி எங்கேயோ ஒரு மாமன் அலைகிறான். செல்விக்கு இந்நேரம் காது குத்தியிருப்பார்களா? அவளை எவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்களோ?