சும்மா சில்லுக்கு ஆடின ஆட்டம்

கட்டுகஸ்தோட்டை
புதன்கிழமை

அன்புள்ள மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுறது,

கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்துல இங்க நான் சுகம், அம்மா நல்ல சுகம். அம்மா சுகம்ங்கிறதுக்குக் கீழ கோடு போட்டிருக்கேன், பார்த்திருப்ப. சனிக்கிழமை நீ அனுப்பின மெசேஜ்ல, அம்மாவுக்கு நோய், கடும் வருத்தம்னு உன் காலேஜுக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பச் சொல்லியிருந்த. அந்தக் கடிதம் வராது. அதுக்குப் பதிலா இது வருது. போன்ல சொல்லலாம் தான், ஆனா நான் ரெண்டு வசனம் பேசுறதுக்குள்ள நீ நடுவுல பாய்வ, எனக்கும் பொறுமை கிடையாது, ரெண்டு பேரும் கத்துவோம், அம்மா அழுவா, ஒரு விஷயமும் முடியாது. அதனால சர்வீஸ் ரிப்போர்ட் தாளோட பின்பக்கம் எழுதிப் படம் எடுத்து அனுப்புறேன். எண்ணெய்க் கறையைப் பார்க்காத, முழுசா வாசி.

நீ கேட்டதை முதல்ல நானே திருப்பிச் சொல்றேன், பிறகு அப்பாவுக்கு விளங்கலன்னு சொல்லக் கூடாது பாரு. பதினாலாம் திகதி ஆஸ்பத்திரி லேப்ல உனக்கு நாலு வாரப் பயிற்சி ஆரம்பிக்குது. அதே வாரம் வேற ஊர்ல நாலு நாள் போக்கர் போட்டி. எட்டு மாசமா போன்ல ஒரு சதமும் வைக்காம, காசுக்குப் பதிலா ஒரு ஆப்ல சும்மா குடுக்கிற சில்லை வெச்சு ஆடி ஆடி, கடைசியில ஒரு இலவச ஆட்டத்துல முதலாவதா வந்ததால உனக்கு அந்தப் போட்டியில காசு கட்டாம உட்கார்ந்து ஆட ஒரு கதிரை கிடைச்சிருக்கு. பயிற்சியை விட்டா இனி அடுத்த வருஷம் தான், ஆனா வீட்டுல வருத்தம்னு கடிதம் வந்தா ஒரு மாசம் தள்ளிப் போடுவாங்க. இவ்வளவு தானே. இதுல காசே இல்லப்பா, இது சூது இல்ல, பயிற்சி, நீங்க தானே சொல்வீங்க செஞ்சு செஞ்சு பழகினா தான் எதுவும் கைக்கு வரும்னு, இப்படி எழுதியிருந்த. என் வசனத்தை எடுத்து எனக்கே அடிச்சிருக்க. சரி, அந்த வசனத்துக்கு நான் பொறுப்பு எடுக்கிறேன்.

நான் வாயால சண்டை போடுற ஆள் இல்ல, டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற ஆள். போன மாசம் நீ உன் ரேங்கைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினியே, அன்னைக்கே நானும் அந்த ஆப்பைப் போன்ல ஏத்தினேன். சிரிக்காத. முதல் பத்து நாள் எனக்குப் பிரயோசனம் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எந்தக் கை எதை விடப் பெரிசு, எப்போ என் முறை, மேசையில கிடக்கிற காட்ஸை வெச்சு மிச்சத்தை எப்படி எண்ணுறது, இதெல்லாம் சும்மா ஆடித் தான் படிச்சேன். காசு வெச்சு அதைப் படிக்கிறவன் மடையன். அது வரைக்கும் நீ சொன்னது சரி. பத்தாம் நாளுக்குப் பிறகு ஒண்ணும் ஏறல, அதுக்கு மேல ஆடினது கெடுதல் தான் செஞ்சுது, அதை நானே பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன்னு கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கண்டி குயின்’ங்கிற பேர்ல நீ உட்கார்ந்திருந்த மேசையிலேயே நானும் போய் உட்கார்ந்தேன். ‘ஹந்தானை 40’னு ஒருத்தன் உன்னோட ஒன்றரை மணித்தியாலம் ஆடினது ஞாபகம் இருக்கா? அது நான். என் காட்ஸை நான் ஒரு தரமும் பார்க்கல மகள். போன் திரையில காட்ஸ் வர்ற இடத்துல இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு, ஒவ்வொரு கைக்கும் இருக்கிற சில்லு எல்லாத்தையும் தள்ளினேன். அறிவுள்ள ஆள் என்ன செய்யணும்? நல்ல கை வர்ற வரைக்கும் காத்திருந்து என்னைப் பிடிச்சு முடிக்கணும். நீ காத்திருந்தியா? இல்ல. மூணாவது கைக்கே எரிச்சல் வந்து எட்டையும் நாலையும் மாதிரிக் குப்பைக் கையை வெச்சுக்கிட்டு வந்து விழுந்த. நான் ஜெயிச்சேன். இன்னும் ரெண்டு தரம் வந்த, ரெண்டு தரமும் விழுந்த. என்னைக் கழுதைன்னு எழுதின. கழுதை தான், கண்ணைக் கட்டின கழுதை, ஆனா அந்தக் கழுதைக்கிட்ட மூணு தரம் தோத்தவ ரேங்க்ல பன்னிரண்டாவது. எல்லாருமே அப்படித் தான் ஆடுறாங்க, போனா என்ன, சும்மா வந்த சில்லு தானேன்னு. எவனும் பயந்து காட்ஸை மடக்கி வெச்சு விலகாத மேசையில மிரட்டிப் பார்க்கிறது எப்படின்னும் படிக்க முடியாது, மடக்கிறது எப்படின்னும் படிக்க முடியாது. மிச்சம் என்ன இருக்கு? அதிர்ஷ்டமும் விரலும் தான்.

ஜெனரேட்டர் திருத்துற என் தொழில்ல இதுக்கு நான் தினமும் முகம் குடுக்கிறேன். பேர் வேணாம், டவுனுக்கு மேல ஒரு ஹோட்டல், திங்கட்கிழமை தோறும் ஜெனரேட்டரைப் பதினஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்துப் புத்தகத்துல டிக் போடுவாங்க. லோட் எதுவும் குடுக்காம, ஒரு பல்பு கூட எரிய விடாம, சும்மா ஓட்டம். மூணு வருஷம் ஒரு திங்கள் விடல. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு நடுவுல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஆறு நிமிஷம் ஓடிச்சு, மூச்சுத் திணறி நின்னுச்சு. நான் போய்ச் சைலன்சரைக் கழட்டினா தார் மாதிரி கறுப்பு எண்ணெய் வழியுது. டீசல் என்ஜின் பாரம் இழுத்தா தான் சூடேறும், சூடேறினா தான் எண்ணெய் முழுசா எரியும். பாரம் இல்லாம ஓட்டினா எரியாத எண்ணெய் உள்ளுக்கே படிஞ்சு என்ஜினையே கெடுக்கும். மெனேஜர் டிக் போட்ட புத்தகத்தை எனக்குக் காட்டி, பாருங்க நாங்க ஒழுங்கா ஓட்டினோம்னு சத்தம் போடுறான். நீ ரேங்கைக் காட்டின மாதிரி தான்.

அதோட நிறுத்தாம வேலைத்தளத்துலயும் பார்த்தேன். பகல் சாப்பாட்டு நேரத்துல நானும் ராஜலிங்கமும் முனாஸும் அர்கமும் நெருப்புக்குச்சி வெச்சு போக்கர் ஆடினோம். ராஜலிங்கத்தை உனக்குத் தெரியும், நீ போறப்போ ஏர்போர்ட்டுக்கு வேன் ஓட்டிக்கிட்டு வந்தானே, அவன். அவன் ரெண்டு வாரமும் ஒரு கையையும் மடக்கல, குச்சி தானே அண்ணே போனா போகுதுன்னு வந்துக்கிட்டே இருந்தான், அவனுக்குத் தான் குச்சி கூடுதலாச் சேர்ந்துச்சு. மூணாவது வாரம் நான் ஒரு நிபந்தனை போட்டேன், காசு இல்ல, வெள்ளிக்கிழமை குச்சி ஆகக் குறைவா இருக்கிறவன் பௌர்ணமிப் போயா லீவன்னைக்கு ஸ்டேண்ட்பை ட்யூட்டிக்குப் போகணும். முனாஸ் உடனே எழும்பிட்டான். காசு இல்லன்னாலும் பணயம் பணயம் தான் மச்சான், எங்க மார்க்கத்துல அது ஆகாது, நான் டீ ஊத்தித் தாரேன்னு கெட்டில் பக்கம் போனான், அர்கமும் அவன் பின்னால போனான். நாங்க எலக்ட்ரீஷியன் பொடியன் ஒருத்தனைச் சேர்த்துக்கிட்டு மூணு பேரா ஆடினோம். ராஜலிங்கத்தை நீ பார்த்திருக்கணும். காட்ஸை நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, சோற்றைப் பிசையாம, என் முகத்தையே பார்க்கிறான். நாலு நாள்ல ரெண்டு வாரத்துல படிக்காததைப் படிச்சான். ஆனா வியாழக்கிழமை ஒரு பெரிய கையில, மடக்கணும்னு அவனுக்கே தெரிஞ்சும், கை தானா குச்சியைத் தள்ளிடுச்சு. பழக்கம். போயா அன்னைக்கு அவன் மனுசி பிள்ளைங்க மஹியங்கனைக்குப் போனாங்க, அவன் ஜெனரேட்டர் பக்கத்துல உட்கார்ந்திருந்தான். நீ போற மண்டபத்துல உன்னைத் தவிர எல்லாரும் சொந்தக் காசு கட்டி வந்து உட்கார்றவங்க. உன் கையும் தானா தான் தள்ளும்.

இப்போ உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். எனக்கு உன் மேல இருக்கிற கோபத்துல பாதி என் மேலயும் இருக்கு, அதையும் எழுதிடுறேன். அந்த ஆப்ல சில்லு முடிஞ்சா என்ன நடக்குது? நாலு மணித்தியாலம் போனா திரும்பவும் நிரப்பித் தர்றாங்க. இருபது வருஷமா நான் உனக்குச் செஞ்சது அதே தான். குண்டசாலையில என் மோட்டார்சைக்கிளைக் கொண்டு போய் ஒரு மனுஷன்ட கேட்ல அடிச்ச, நான் தான் ஓட்டினேன்னு சொல்லி நான் ஏச்சு வாங்கினேன். ஏ.எல். பரீட்சை நேரம் ப்ராக்டிகல் கொப்பியை எழுதாம விட்ட, நான் லீவு போட்டு ஸ்கூல் வாசல்ல போய் நின்னு டீச்சரைக் கெஞ்சினேன். உனக்கும் எனக்கும் இருபது வயசு தான் வித்தியாசம், நீ பிறந்தப்போ எனக்கே மீசை சரியா வரல, பிள்ளை அழக் கூடாது, அவ்வளவு தான் எனக்குத் தெரிஞ்ச வளர்ப்பு. அதனால உனக்கு எதுவும் நிஜமாத் தோத்துப் போனதே இல்ல. தோத்தா எப்படி இருக்கும்னு தெரியாத ஆள் தான் எட்டையும் நாலையும் வெச்சுக்கிட்டு வந்து விழும்.

கடைசி விஷயம், இதைச் சொல்லத் தான் உண்மையில பேனையை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்கிட்ட இருந்து பதில் வரலன்னதும் நீ அம்மாவுக்குத் தனியா போன் எடுத்திருக்க. டொக்டர்ட்ட வருத்தம்னு ஒரு துண்டு மட்டும் எழுதி வாங்கி அனுப்புங்கம்மான்னு கேட்டிருக்க. திங்கட்கிழமை காலையில அம்மா எனக்குச் சொல்லாம, நல்ல சாரியைக் கட்டிக்கிட்டு, கிளினிக்குக்குப் போயிருக்கா. நம்பர் இருபத்தி மூணு. ரெண்டரை மணித்தியாலம் அங்க இருந்த மர வாங்குல உட்கார்ந்திருக்கா, ஒரு பக்கம் சுகர்ல கால் வெட்டின ஒரு ஐயா, மறுபக்கம் மூச்சு வாங்குற பிள்ளையோட ஹேவாஹெட்ட தோட்டத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த ஒரு பொம்பளை. அந்தப் பொம்பளை அம்மாக்கிட்ட, உங்களுக்கு என்னங்கம்மான்னு கேட்டிருக்கு. அம்மாவுக்குச் சொல்லத் தெரியல. டொக்டர் கூப்பிட்டு என்ன வருத்தம்னு கேட்டப்பவும் சொல்லத் தெரியல. கையைக் காலைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டு, மறந்துட்டேன் டொக்டர்னு சொல்லிட்டு எழும்பி வந்துட்டா. டொக்டர் மறதி வருத்தமோன்னு நினைச்சு திரும்பவும் வரச் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து எனக்கு இதைச் சொன்னா. சொல்லிட்டு, “பொய் சொல்றது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதுங்க, பிள்ளை என்னமா லேசா கேட்டுச்சு”ன்னா. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டையும் தள்ளி வெச்சா. நேத்தும் சரியாச் சாப்பிடல. உன் சும்மா ஆட்டத்துல நிஜமா எதையாவது வெச்சு ஆடினது ஒரே ஒரு ஆள், அது உன் அம்மா.

போட்டிக்குப் போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். இருபது வயசு, கட்டி வைக்க முடியாது. போறதுன்னா போ. ஆனா வெள்ளிக்கிழமை நீயே அந்த லேப்ல பொறுப்பா இருக்கிற மேடத்துக்கு எடுத்து, நான் காட்ஸ் விளையாடப் போறேன், அதனால பதினாலாம் திகதி வர மாட்டேன்னு உன் வாயால சொல்லு. அம்மா பேர் அதுல வரக் கூடாது, என் பேரும் வரக் கூடாது. அவங்க சரின்னு சொன்னா உன் அதிர்ஷ்டம், ஒரு வருஷம் போச்சுன்னா அது உன்னுடைய வருஷம். நான் எவருக்கும் எடுத்துப் பேச மாட்டேன், எங்கேயும் வந்து நிக்க மாட்டேன். பேசாம இருக்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும், நேத்தே ரெண்டு தரம் அந்தக் காலேஜ் நம்பரைத் தேடி எடுத்துட்டு அழிச்சேன்.

மத்தபடி வீட்டுல புதுசா ஒண்ணும் இல்ல. மூணு நாளா மழை விடல, பாலத்தடியில ட்ராஃபிக் வழக்கம் போல. பக்கத்து வீட்டு பஸ்லினா டீச்சர் பெருநாள் வட்டிலப்பம் குடுத்து அனுப்பி உன்னையும் விசாரிச்சாங்க. குளிருக்குள்ள தலையை நனைச்சிட்டு வெளிய போகாத, சாப்பிடுறப்போ போனைத் தள்ளி வை. அம்மாவுக்கு எடுத்துப் பேசு, மன்னிப்புக் கேட்கிறதா இருந்தா நேரா கேள், சுத்தி வளைக்காத, அவளுக்குச் சுத்தி வளைக்கிறது விளங்காது.

நீ நல்லா இருக்கணும், நீ எடுக்கிற முடிவைச் சுமக்கிற பலத்தைப் பிள்ளையார் உனக்குக் குடுக்கணும். மறக்காத, வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்க ஊர் நாலு மணிக்கு அந்த மேடத்தோட ஒஃபிஸை மூடுறாங்க. அன்னைக்கு முழுக்க என் போன் வேலை செய்யாது, அழுதாலும் எடுக்க மாட்டேன். சனிக்கிழமை காலையில இருந்து எடுப்பேன். எந்த முடிவா இருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சஞ்சீவ்