ஒரே ஒரு கிரெடிட் குறைகிறது

ஜூன் 3

கல்லூரி மாறி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் தலையில் இடி. யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று தீர்மானிக்கும் விதிமுறை அலுவலகத்து வோய்ட் என் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாடக் கணக்குல ஒரு கிரெடிட் குறையுதேம்மா. கோடைக்குள்ள சேர்க்கலேன்னா இந்த சீசன் கால்பந்து ஆட முடியாது" என்கிறார். ஏன் குறைகிறது? பழைய கல்லூரியில் சீஸ் ரகம் பிரிக்கும் பாடத்தில் 'ஏ' வாங்கினேனே!

"சீஸ் தின்னதுக்கெல்லாம் இங்க கிரெடிட் கிடையாது."

சீஸுக்கே பேர்போன விஸ்கான்சினில் பிறந்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

முதல் ஆட்டமே பழைய கல்லூரியோடு. பெனால்டி அடிப்பதற்கு முன்பே கோல் கோட்டிலிருந்து முந்திப் பாய்கிறேன் என்று என்னை ஒரு வருஷம் பெஞ்சில் ஊறப்போட்ட கோச் டெனீஸ் அங்கே நிற்பாள். அவள் கண் முன்னால் நான் கோல் காக்க வேண்டும். காத்தே ஆகவேண்டும்.

ஜூன் 5

கோடை வகுப்பில் ஒரு கிரெடிட்டுக்கு மிஞ்சியிருப்பது பௌலிங் மட்டும். பந்தை உருட்டிப் பத்துக் கட்டையைச் சாய்க்க வேண்டும். இதென்ன பெரிய வித்தை?

ஜூன் 12

பெரிய வித்தைதான். பக்கத்துத் தடத்தில் யாரோ உருட்டிய பந்தைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. பாய்ந்து பிடித்துவிட்டேன். பழக்கதோஷம்!

"அம்மா தாயே, பிடிக்கக் கூடாது, போக விடணும்!" என்று வாத்தியார் டாரல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூன் 26

அந்தச் சனியன் பிடித்த கறுப்புக் கோடு! உருட்டும்போது கால் நுனி தாண்டினால் போதும், 'பீப்' என்று அலறுகிறது. விழுந்த கட்டைக்கும் மார்க் இல்லை. இன்று பதினேழு தடவை. "பீப்னே உனக்குப் பேரு வச்சிடலாம்டி" என்கிறாள் அறைத்தோழி கென்ஸி. திமிரு புடிச்சவ.

ஜூலை 10

பீப்.

ஜூலை 24

தேர்வு. நூறு எடுத்தால் பாஸ். கடைசிப் பந்துக்கு முன் தொண்ணூற்றாறு. கோட்டை முறைத்தபடி உருட்டினேன். சத்தம் வரவில்லை. ஐந்து கட்டை! சந்தோஷத்தில் டாரலைத் தூக்கிச் சுற்றினேன். பாவம், அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஜூலை 29

வோய்ட் கடிதம் வந்தது. ஆடலாம்!!

ஆகஸ்ட் 21

பழைய கல்லூரியோடு ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னிலை. கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. ஓரத்திலிருந்து டெனீஸ் கத்தினாள்: "நிதானமா அடி! அவ எப்படியும் முந்திப் பாய்வா!"

என் கால் எழும்பத்தான் பார்த்தது. காதுக்குள் பீப். ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டேன். நான் பாய்வேன் என்று காத்திருந்த பெண் குழம்பிப்போய் நேராக அடித்தாள். பிடித்தேன் என்று சொல்ல முடியாது. மூக்கில் பட்டு வெளியே போனது. நடுவர் கோட்டைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி அடிக்கச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோம்!

ஆட்டம் முடிந்ததும் டெனீஸே வந்தாள். "கோட்டுல நிக்க எவ்வளவு சொல்லிக்கொடுத்தேன், அப்பல்லாம் கேக்கலையே. யாருடி கத்துக்குடுத்தது?" ஒரு கையால் மூக்கில் ஐஸ் பையை அழுத்தியபடி, மறு கையால் பந்து உருட்டிக் காட்டினேன்.

பிறகு மொத்த டீமும் டாரலைப் பார்க்க பௌலிங் கூடத்துக்குப் போனோம். எல்லோரும் கைதட்ட, முதல் பந்தை நான்தான் உருட்டினேன்.

பீப்.