நஞ்சில்லாத பொறி

அஸ்தம்பட்டிப் பல் மருத்துவர் என் கடைவாயில் கிராம்பு எண்ணெய் தோய்ந்த பஞ்சை வைத்ததும் உங்கள் நினைவு வந்தது, அண்ணா. அன்பினால் அன்று. பழ ஈக்களுக்காக நீங்கள் மரத்தில் கட்டிய பொறியிலும் ஏறக்குறைய இதே மணம்தான்.

நீங்கள் பெரியப்பாவின் மகன். விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மேட்டூர் சாலையில் என் தம்பி குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்புக்கு நீங்களாகவே வந்தீர்கள். ஒரு மாலையில் மா இலை ஒன்றைத் திருப்பிக் காட்டினீர்கள். அதன் அடியில் ஆண் ஈக்கள் கூடி, இறக்கையை அதிரவிட்டு, பெண்ணை அழைக்கும் மணத்தைப் பரப்பிக்கொண்டிருந்தன.

"இந்தப் பொறி எண்ணெயத் தின்ன ஆணுக்குத்தான் சாமி பொண்ணு மசியும். தின்னது ஒடம்புல வாசனையா மாறிப்போகும்" என்றீர்கள்.

"மாப்பிள்ளைக்குச் செண்ட் அடிச்சு உடறாப்லைங்களா?" என்று தம்பி சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். ஆகவே, விளைவு உங்களுக்குத் தெரியாது என்று எவரும் வாதிட இயலாது.

பொறிக்குள் தொங்கும் மரக்கட்டையை அந்த எண்ணெயோடு பூச்சிமருந்திலும் ஊறவைப்பதே வழக்கம். வருகிற ஈ அங்கேயே சாக வேண்டும். நீங்கள் மருந்தை விலக்கினீர்கள். இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் உங்களுக்கு மேடை கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

"ஏனுங்ண்ணா, மருந்தில்லாம சாவுமுங்களா?" என்று தம்பி கேட்டான்.

"நீ எனக்குப் பாடம் எடுக்காத."

ஈக்கள் வந்தன, தின்றன, முன்னிலும் விரும்பத்தக்க மாப்பிள்ளைகளாகப் பறந்து போயின.

அந்தப் பருவத்தில் எந்தப் பழத்தை அறுத்தாலும் பெண் ஈ இட்ட முட்டை பொரித்த புழு. முழுச் சேதமும் பொறியால் விளைந்தது என்று நான் சாதிக்கவில்லை, அதற்குச் சான்றில்லை. ஊரார் முன்னிலையில் நீங்கள் சொன்னதற்குச் சான்று உண்டு, நானே அங்கிருந்தேன். "உழுந்த காயப் பொறுக்காத சோம்பேறி, எம் பொறியக் கொற சொல்றான்." தம்பி நாள்தோறும் உதிர்ந்த காயைப் பொறுக்கி, புழு பரவாதபடி குழியில் மூடியதை நீங்கள் கண்ணால் பார்த்தவர். அதன்பின் எவரும் அவனுக்குத் தோப்பு தரவில்லை. இப்போது குமாரபாளையத்தில் பிறர் தறியை ஓட்டுகிறான்.

அந்தச் சொல்லை ஊரார் முன்பே திருத்துமாறு மூன்று முறை கேட்டேன். "வக்கீல் புத்தியக் கோர்ட்டுல வெச்சுக்க சாமி" என்றீர்கள். திருத்தாமலே போய்விட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் தம்பி பந்தி பரிமாறினான். நான் வாசலைத் தாண்டவில்லை. "செத்தவருகிட்ட என்னங்ண்ணா சண்டை? நானே உட்டுட்டேன், உள்ள வாங்க" என்றான்.

அவன் மன்னித்திருக்கலாம், அது அவனுடைய உரிமை. அந்த மன்னிப்பு என்னைக் கட்டுப்படுத்தாது.