மழை என்று கூப்பிட்டவள்

என் பதினொரு நாள் தம்பிக்கு,

உனக்குப் பேர் வைக்கும் முன்பே பட்டப்பேர் வைத்தவள் நான். அம்மா வயிற்றில் நீ உதைத்த உதைக்கு, பந்தை உதைத்து கோல் போடும் 'ஸ்ட்ரைக்கர்'. கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் உன் காலில் கட்டிய பட்டையில் அம்மா பேர்தான் இருந்தது.

நீ போய் நாற்பது நாளாகிறது. அப்பா கூலிம் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தால், காரை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். பள்ளியில் யாராவது "மூளை இருக்கா உனக்கு?" என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வாய் வருவதில்லை. வாயாடி எனக்கே, தம்பி!

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சூரிய கிரகணத்தன்று அம்மாவுக்கு ஏழு மாதம். அத்தை வந்து ஜன்னலையெல்லாம் மூடி, "வெளிய தல காட்டாத, கத்திய தொடாத" என்று அம்மாவை உட்கார வைத்துவிட்டார். அத்தை கண்ணயர்ந்த நேரம், பின்வாசலில் நின்று நான் கத்தினேன்: "மா, மழை! துணியெல்லாம் நனையுது!"

அம்மா எல்லாவற்றையும் மறந்து ஓடி வந்தார். மங்கிய வெயிலில் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தன. நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் சிரித்தார். நீயும் உள்ளே சிரித்தாயா?

பிறகு நீ பிறந்தாய். இரண்டாகப் பிரிய வேண்டிய உன் முன்மூளை பிரியவே இல்லை என்றார்கள்.

உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்று அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "கிரகணத்தன்னிக்கு நீ வெளிய நின்னத பக்கத்து வீட்டுல பாத்தாங்களாம். நெசமா?"

"ஆமாங்க அண்ணி. துணி ஞாபகத்துல போய்ட்டேன்."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

போன வாரம் அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, நான் மட்டும் உள்ளே திரும்பிப் போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் குழாய் மாதிரி வரைந்தார்.

"மூளையோட மூல செல்லெல்லாம் இதுல இருக்கும்மா. பக்கத்துல இருக்கற செல்லுங்க ஒரு புரதத்த அனுப்பும். 'நீ பெருகு, நீ நரம்பா மாறு, நீங்க ரெண்டா பிரிங்க'ன்னு அதுதான் சொல்லும். உன் தம்பிக்கு அந்தச் செய்தி சரியா போய்ச் சேரல."

"எப்ப?"

"நாலாவது வாரம். அவன் வயித்துல இருக்கறதே உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஏன் போய்ச் சேரல?"

"அதுக்குத்தான் ரத்தம் எடுத்திருக்கோம். சில நேரம் கடைசி வரைக்கும் தெரியாமலே போகும்."

நான் கூப்பிடுவதற்கு எத்தனையோ மாதம் முன்பே, வராத ஒரு செய்திக்காக நீ காத்திருந்திருக்கிறாய். அந்த நிமிடம் எனக்கு மூச்சு வந்தது. அப்படி வந்ததற்காக என்னை மன்னிப்பாயா?

வீட்டுக்கு வந்து, அத்தை முன்னால் தாளை விரித்தேன். "நான்தான் அத்தை பொய்யா கூப்பிட்டேன். ஆனா அதனால இல்ல, பாருங்க."

"டாக்டருக்கு என்னா தெரியும்?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா தாளை எடுத்து நான்காக மடித்தார். "ஏன்டி சொன்ன? என்னோட போயிருக்கும்லா."

டாக்டர் சொன்னதை அம்மாவும் நம்பவில்லை, தம்பி. பழி எனக்கு வராமல் என் பொய்யை மறைத்துத்தான் வைத்திருந்தார்.

நேற்று நிஜமாகவே மழை. "மா, மழை!" என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. என் பள்ளிச் சீருடை கொடியிலேயே ஊறியது.

இனி துணியை நானே எடுப்பேன். அந்தத் தாள் கிழியும்வரை அம்மாவிடம் விரித்து விரித்துக் காட்டுவேன். என்றாவது அவர் என் குரலுக்கு வெளியே வருவார். அதுவரை, வானம் நனைக்காமல் மழை என்று சொல்ல மாட்டேன்.

உன்னோடு ஒரு விளையாட்டுக்கூட விளையாடாத,
உன் அக்கா