வவுனியாவோடு நின்ற வரைபடம்

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை, கொழும்பு

எங்கள் அரசாங்க மின்சார சபையை நாலு கம்பனிகளாகப் பிரிக்கப் போகிறார்கள். எந்தப் பகுதி எந்தக் கம்பனிக்கு என்று வரைபடம் கீறியது நான்தான். கம்பனிக்கொரு நிறம் பூசினேன். இன்றைய கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.

பின்னேரம் மனைவி அதை விரித்துப் பார்த்தாள். “எங்கட யாழ்ப்பாணம் எந்தக் கம்பனி?”

வவுனியாவுக்கு அங்கால், வடக்கே முழுதும் வெறும் வெள்ளை. சண்டையில் மின்கம்பி அறுந்த நாளிலிருந்து எங்கள் சபைப் படங்கள் அங்கேயே முடிந்துவிடும். கை பழகிவிட்டது.

“சண்டை முடிய சேர்ப்பினம்” என்றேன்.

“லாபம் பாக்கிற கம்பனி அங்க கம்பி இழுக்குமே?”

அவளுடைய தாய் இன்னும் ஜாம் போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கோடுதான் அங்கே இருக்கிறா. நான் படத்தைச் சுருட்டினேன்.

கூட்டத்தில் இருந்த ஒரே தமிழன் நான். அந்த வெள்ளை என் கண்ணிலும் படவில்லை.