வாசலில் சிக்கிய கேடயம்

அருமை மருமகளே,

கிரேக்க வீரர்கள் இந்தக் காலத்துக்குப் பொருந்துவார்களா என்று நாடகம் போடுகிறாய். அதில் ஏழு கடலும் நடுங்கும் மாவீரன் நான்.

நேற்று ஒத்திகையில் வெளியே மின்பெட்டி எரிந்தபோது, மாமா கேடயத்தால் வாசலை அடைத்துப் புகையைத் தடுத்தார் என்று எல்லோரிடமும் சொல்கிறாய். உண்மையில் முதலில் தப்பி ஓடியவன் நான்தான். தேர்ச்சக்கரம் போன்ற அந்தக் கேடயம் என் கையோடு கதவு நிலையில் சிக்கிக்கொண்டது.

"அண்ணே, காலைக் கொஞ்சம் அகட்டுங்க" என்று சொல்லி, ஒப்பனைக்காரம்மா என் காலிடுக்கில் தவழ்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து, கழன்றுபோன என் மீசையை ஒட்டிவிட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் கால வீரன் புகழுக்காகச் செத்தான். நான் சாகாமலே அதை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா அந்தப் புகழைக் கேட்கவேயில்லை.

நாளை எனக்கான பாராட்டுக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்துவிடு. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்; ஓடமாட்டேன்.

தலைகுனிந்து,
உன் மாமன்