பல்செட் டம்ளரில் ஒரு புது இனம்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். மாமாவும் நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மாமா பல்செட்டை ஊறவைக்கும் டம்ளரில் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்ததைச் சுரண்டி, அதிலிருந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்தேன் அல்லவா? முதலில் "என் வாய் என்ன சாக்கடையா?" என்று குதித்தார். பிறகு அதன் ஒரு மரபணுவை அதற்கு நெருங்கிய இனத்தின் மரபணுவோடு வைத்துப் பார்த்தேன். ஏகப்பட்ட வித்தியாசம். புது இனமாக இருந்தால் உங்கள் பெயரையே வைக்கிறேன் மாமா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த டம்ளரை யாரும் கழுவக் கூடாது என்று உத்தரவு. காலையில் அவரோடு நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் "வாங்க கிருமி சார்!" என்று கூப்பிடுகிறார்களாம். அதில் அவருக்குப் பெருமை வேறு. அத்தை போன பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் இரண்டின் மொத்த மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டோம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போகிறது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால்தான் வேறு இனம். நான் பார்த்த அந்த ஒரு மரபணு மட்டும் வேறெந்த பாக்டீரியாவிடமோ இரவல் வாங்கியது. ஒன்றை மட்டும் பார்த்து ஆளே வேறு என்று முடிவு கட்டிவிட்டேன். "குளியலறைக் குழாயில எல்லாம் படியறதுதாம்மா இது" என்று ஆய்வகத் தலைவி சிரித்தார். மாமாவின் வாயிலிருந்துகூட வரவில்லை!

எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னேன். "நீ சரியாப் பாக்கல. என் பையன் வந்து சொல்லட்டும், ஒத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்வது இந்த ஒப்பீட்டைத்தான். நீங்களோ கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் பார்ப்பவர். எனக்கு வந்த கோபத்தில், நல்ல வேளை, டம்ளர் கைக்கு எட்டவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். "சொல்லட்டும்" என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "வந்து" என்பதில்தான் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விடுப்பை இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் புது இனம்தானா என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். நேரில்தான் சொல்ல வேண்டிய விஷயம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எனக்கும் நேரில் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. அதில் பாக்டீரியா எதுவும் வராது.

உடம்பைப் பார்த்துக்கொண்டு, பத்திரமாக வந்து சேருங்கள்.

இங்கே காத்திருக்கும் இருவரில்,
கோபித்துக்கொள்ளாத ஒருத்தி